விஷத்துக்கும் விஷமத்துக்கும் நடுவில் ஒரு பன்னல்

1

இந்தக் கதை ஒரு பேருந்தில் கிடைத்தது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற பேருந்து. ஒரு பெண்ணின் மடியில் பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள் துண்டு போர்த்திய நாய். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேருந்து முழுவதற்கும் பொதுவாக ஒரு கேள்வியை வைத்தாள்.

"பன்னல் தின்னா பட்டி செத்துப் போவுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போகிற ஊர் இது. உதியன்குளங்கரையில் அவள் இறங்கிப் போனாள். கேள்வி மட்டும் இறங்கவில்லை. அது சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தியோடு வீடு வரைக்கும் வந்தது.

(பட்டி என்றால் இங்கே நாய். எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் கிழக்கே போனால் பட்டி என்பது ஆடு அடைக்கிற இடம். பன்னல் என்பது பெரணி. கிணற்றுச் சுவரிலும் ரயில் பாலத்தின் ஈரக் கல்லிலும் யாரும் நடாமல் முளைக்கிற அதே இனம்தான், வீடுகளில் தொட்டியில் தொங்கும்போது 'பேர்ன்' என்று ஆங்கிலத்தில் பெயர் மாற்றிக்கொள்கிறது. இந்தப் பெயர் மாற்றத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சன்னலோரம் இருந்தவள்தான் இதை எழுதுகிறவள். 'நான்' என்று எழுதிப் பார்த்தாள். அந்தச் சொல் பக்கத்தின் நடுவில் எழுந்து நின்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதனால் அதை உட்கார வைத்துவிட்டாள். பேருந்தில் அந்தப் பெண்ணிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எனவே கேட்கத் தெரிந்த ஒரு மனுசியை உண்டாக்கவேண்டியிருந்தது. அவள் பெயர் மார்கிரெட்.

2

தொடங்கிப் பார்த்தவை:

கைசர் செத்துக் கிடந்தான். அவன் வாயோரத்தில் பச்சையாக —

இல்லை. முதல் வரியிலேயே நாயைக் கொன்றால் மிச்சப் பக்கங்களில் எல்லோரும் அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பேருந்துப் பெண் இதைப் படிக்க நேர்ந்தால் என்ன ஆவாள்?

பூ என்ற ஒன்று உலகத்தில் இல்லாத காலத்தில் பன்னல் இருந்தது. பழம் இல்லை, தேனீ இல்லை. அந்தக் காட்டில் —

இது பொய்யில்லை. போனில் படித்தபோது எழுதுகிறவளின் சோறு ஆறிப்போனது. வண்ணமே வராத ஒரு காட்டை நினைத்துப் பாருங்கள். எங்கே திரும்பினாலும் பச்சை. மணம் வீச யாருக்கும் தேவையில்லை, ஏனென்றால் முகர்ந்து வர ஒரு வண்டுகூட இல்லை. நாய் என்ற யோசனை உலகத்துக்கு வருவதற்கு இன்னும் எத்தனையோ யுகம் கிடக்கிறது. பன்னல் அப்போதே சுருண்டு, விரிந்து, இலைக்கு அடியில் பொடியைச் சுமந்து நின்றது. அதன் வம்சத்தில் ஒன்றுதான் கொல்லயில் என்ற ஊரில் ஒரு வீட்டுக் கதவருகே கம்பியில் தொங்குகிறது. தினம் காலையில் அதைத் தாண்டித்தான் அந்த வீட்டில் துணி காயப்போடுகிறார்கள்.

ஆனால் இந்தத் தொடக்கத்தில் மார்கிரெட் இல்லை. அவள் வந்து சேர வெகுகாலம் ஆகும். ஆகவே:

மார்கிரெட் அந்தச் செடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள்.

இது நிற்கும்.

3

மார்கிரெட் அந்தச் செடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். இலைகளின் அடிப்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். புழு முட்டை என்று நினைத்தாள். பொழியூர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அது எப்போது பிடித்தது என்று சொல்வாள். இலையைத் தூக்கிப் பார்த்துச் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. கடல் ஏறி வந்து அடுக்களையை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவளும் புருசன் ஜோக்கிமும் கைசரும் கொல்லயிலில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆனந்தலட்சுமி எட்டிப் பார்த்தாள். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல். அவள் குடும்பத்தில் முன்பு எல்லோரும் சர்க்கார் எழுத்து வேலை. இப்போது எல்லோரும் கறுப்புக் கோட்டு அல்லது வெள்ளைக் கோட்டு. மார்கிரெட் குடிவந்த வாரத்தில் இந்தத் தொட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். தெருவில் வேறு யாரும் படி ஏறவில்லை. மீன்காரி என்று யாரும் சொல்லவில்லை, வரவும் இல்லை. அதனால் மார்கிரெட்டுக்கு அது செடி மட்டும் அல்ல. அந்தத் தெரு அவளை 'வா' என்று சொன்ன ஒரே சொல் அது.

"அது புழு இல்ல மார்கிரெட். அதுக்கப் பிள்ளையளாக்கும்," என்றாள் ஆனந்தலட்சுமி. "கழுவிக் களையாதே."

மார்கிரெட் ஒரு பொட்டை விரலால் தேய்த்தாள். விரல் நுனியில் பழுப்புத் தூசி. ஒவ்வொரு துகளிலும் ஒரு செடி உறங்குகிறது என்று வக்கீல் சொன்னதை அவள் பாதி நம்பினாள். பிறகு அந்த விரலை எதில் துடைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றாள். துடைத்தால் ஒரு காடு போய்விடும்.

கைசர் அவள் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். சின்ன உருவம், செம்பட்டை நிறம், மேலே சுருட்டிக்கொண்ட வால். பன்னலின் புதுத் தளிரும் அப்படித்தான் சுருண்டிருக்கும். ஜோக்கிம் வலைக்குவியலில் கண்டெடுத்த குட்டி அவன். ஜோக்கிமின் விசைப்படகு மங்களூர்த் துறைமுகத்தில் அணைந்தால் வீட்டுக்கு அழைப்பு வரும். முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "ஏட்டி, கைசருக்குப் போனைக் குடு." போனை நாயின் காதருகே வைப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனிதன் தன் பெண்டாட்டியிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் சொல்லுவான். கைசர் வாலால் தரையைப் பெருக்குவான். அவளுக்கு அதில் பொறாமை இல்லை. நாயிடம் சொல்வது அவள் காதிலும் விழும் என்று ஜோக்கிமுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

கதவருகே பன்னல். ஜன்னல் படியில் —

(இங்கே ஒரு வரி விட்டிருக்கிறது. பிறகு நிரப்பவேண்டும்.)

4

ஒரு காலையில் பன்னலின் தாழ்ந்த நுனிகள் கடிபட்டிருந்தன. கைசர் முற்றத்தில் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தான். கக்க ஒன்றும் இல்லாதபோதும் வயிறு எக்கிக்கொண்டே இருந்தது. பிறகு கால் மடிந்து படுத்துவிட்டான். வால் நிமிர்ந்து கிடந்தது. சுருள் விட்ட அந்த வாலைப் பார்த்ததும்தான் மார்கிரெட்டுக்குப் பயம் வந்தது.

ராஜப்பனின் ஆட்டோவில் பாறசாலை மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ராஜப்பன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, எலே கைசரே, புல்லு தின்ன நீ என்ன ஆடா, எனக்க சீட்டுல மட்டும் கக்கிராதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். நாய் தலையைத் தூக்காததைக் கண்டதும் பேச்சை விட்டு வேகத்தைக் கூட்டினான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண்; மலையாளம்தான் பேசினாள். மார்கிரெட்டும் மலையாளம் பேசுவாள். இந்தப் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு பாஷையும் வந்து போகும், யாரும் வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை. என்ன தின்றான் என்றதற்கு, வீட்டில் தொங்குகிற செடியை என்றாள். நாய்க்கு மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். இங்கேயே கிடக்கட்டும், பார்த்துவிட்டுப் போனில் விளிக்கிறோம் என்று அவளை அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. கொல்லயிலில் அந்தத் தெருவில் சிக்னல் தென்னை ஓலை அசைவதைப் பொறுத்தது. டாக்டர் குரல் வந்தது, போனது, வந்தது.

"சேச்சீ, அதினு நல்ல விஷமமுண்டு..."

அவ்வளவுதான். அறுந்துவிட்டது.*

* எழுதுகிறவள் இங்கே பேனாவை வைத்துவிட்டு வாசல் வரை நடந்துவிட்டு வந்தாள். விஷமம் என்றால் மலையாளத்தில் சங்கடம், வேதனை. நாய்க்கு நல்ல வேதனை இருக்கிறது என்றாள் டாக்டர். அதே விஷமம் தமிழில் குறும்பு. கைசருக்கு அதுவும் உண்டு. நடுவில் ஒரு 'ம' உதிர்ந்தால் விஷம். சங்கடமும் குறும்பும் சாவும் ஒரே வீட்டில் ஒரு எழுத்துத் தடுப்புக்கு அப்பாலும் இப்பாலும் குடியிருக்கின்றன. ஓலை ஒன்று அசைந்தால் தடுப்பு விழுந்துவிடும். இரண்டு பாஷை தெரிந்தவளுக்குத்தான் இந்தத் தவறு வரும். ஒன்று மட்டும் தெரிந்தவள் 'என்ன?' என்று கேட்டிருப்பாள்.

மார்கிரெட் கேட்டது: விஷமுண்டு.

5

அவள் அழவில்லை. அடுப்பில் கஞ்சிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பன்னலின் வேரில் ஊற்றினாள். ஆவி எழுந்தது. வெந்த கீரை மணம் வந்தது. நிமிர்ந்து நின்ற இலைகள் ஒவ்வொன்றாகத் தொட்டியின் விளிம்பில் சாய்ந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் நான்கைந்து இலைகள் நனையாமல் தப்பித்திருந்தன. தொட்டியைக் கழற்றி, துணியால் பிடித்துக்கொண்டு, ஆனந்தலட்சுமியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அன்று கோர்ட்டு விடுமுறை.

"வக்கீலம்மா, நீங்க தந்த செடியில விஷம் உண்டு. டாக்டர் சொல்லியாச்சு."

ஆனந்தலட்சுமி தொட்டியைப் பார்த்தாள், பிறகு மார்கிரெட்டின் கையைப் பார்த்தாள். கையில் கொதிநீர் தெறித்துச் சிவந்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க? அந்த வார்த்தைய அப்படியே சொல்லு."

"நல்ல விஷமுண்டுண்ணு சொன்னாங்க."

"விஷத்துல நல்லது கெட்டது உண்டா?"

"எனக்க கிட்ட வக்கீலுப் பேச்சுப் பேசண்டாம். கடலுல கெடக்க மனுசன் கரையணைஞ்சு விளிச்சா நான் ஆருக்க காதுல போனை வைப்பேன்?"

ஆனந்தலட்சுமி தொட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். நனையாத இலைகளில் ஒன்றை ஒடித்தாள். "இதையா தின்னான்?" என்று கேட்டாள். ஆமாம் என்று மார்கிரெட் தலையசைக்கும் முன்பே அதை வாயில் போட்டு மென்றாள்.

6

எழுதுகிறவளுக்கு ஆனந்தலட்சுமி மேல் நம்பிக்கை வர நாளாயிற்று. படித்த பெண், வக்கீல், பச்சிலையை வாயில் போடுவாளா? வேறு ஆனந்தலட்சுமிகளை எழுதிப் பார்த்தாள். ஒருத்தி போனை எடுத்துத் தேடினாள். ஒருத்தி, மீன்காரிக்குச் செடி கொடுத்தது தன் தப்பு என்றாள். (அவளை உடனே கிழித்தாயிற்று.) இன்னொருத்தி மன்னிப்புக் கேட்டு அழுதாள் —

எவளும் வாசலில் நிற்கவில்லை. மெல்லுகிறவள் மட்டும் நின்றாள். அவளை யோசித்தால் புரிகிறது. சாட்சி சொல்ல யாரும் வராத வழக்கில் அவள் தன் நாக்கைக் கூண்டில் ஏற்றினாள்.

தான் கொடுத்தது நஞ்சா என்று அறிய அதைத் தானே தின்று பார்க்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

7

"துப்புங்க வக்கீலம்மா. பழி எனக்க மேல வரும்."

ஆனந்தலட்சுமி விழுங்கிவிட்டாள். "கசப்பில்ல, புளிப்பில்ல. முள்ளில்லாத புல்லு மாதிரி இருக்கு."

"நெஞ்சு எரியுதா?"

"இல்ல."

"கண்ணு இருட்டுதா?"

"உன்னைத் தெளிவாத்தான் தெரியுது. நாளைக்கு எனக்குக் கேஸ் உண்டு மக்கா, இண்ணைக்குச் சாவ முடியாது. இரி."

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். மார்கிரெட் வக்கீலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி ஓடுகிறதா என்று பார்க்க. எதிரே தரையில் தொட்டி. வெந்த இலைகளிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆவி. பாறசாலை ஸ்டேஷனைத் தாண்டி ஒரு ரயில் போன சத்தம் கேட்டு ஓய்ந்தது. கிணற்றுச் சுவரில் காட்டுப் பன்னல்கள் காற்றில் லேசாக அசைந்தன. சாவைக் காத்து இரண்டு பெண்கள் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், சாவு வரவேயில்லை. வராமல் இருப்பது இவ்வளவு பெரிய காரியம் என்று மார்கிரெட் அதற்கு முன் நினைத்ததில்லை. பூவுக்கும் முன்னால் வந்து, மலையும் கடலும் இடம் மாறுவதைப் பார்த்து, இன்று இந்தப் படியருகே சுடுநீரில் கிடக்கிற இதன் இலையில், தன்னைக் கடித்த நாய்க்கோ மனுசிக்கோ தீங்கு செய்ய ஒன்றுமே இல்லை. கடிக்கிறவனைத் திருப்பிக் கடிக்காமல் ஒன்று இத்தனை காலம் இருந்துவிட முடியுமா?*

* எல்லாப் பன்னலும் அப்படி இல்லை. மலைச்சரிவில் மாடு தின்றால் கெடுதி செய்கிற பன்னலும் உண்டு. இங்கே பேச்சு, வீடுகளில் தொங்கும், வாள் போல நீண்ட இலையுள்ள சாதாரணப் பன்னலைப் பற்றி. அதிலும் நாய் அளவில்லாமல் தின்றால் வயிறு கலங்கும். எந்த இலையும் அதைத்தான் செய்யும்.

போன் அடித்தது. மார்கிரெட்டுக்கு எடுக்கத் தைரியம் இல்லை. ஆனந்தலட்சுமி எடுத்து இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சேச்சீ, இப்போள் அவனு விஷமமில்ல. வாலாட்டுந்நுண்டு."

ஆனந்தலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "விஷமம், மார்கிரெட். சங்கடமாக்கும். விஷமில்ல."

மார்கிரெட் அந்தச் சொல்லை மெதுவாகத் தானும் சொல்லிப் பார்த்தாள். விஷமம். உதடு இரண்டு முறை மூடவேண்டியிருந்தது.

டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பன்னல் நாய்க்கு ஒன்றும் செய்யாது என்றாள். ஆனால் கக்கியதில் சிவப்புத் தோலும் கறுத்த விதையும் கிடக்கின்றன. "சுவந்ந காய் வல்லதும் கழிச்சோ?" சிவந்த காய் ஏதாவது தின்றானா?

(இப்போது மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். விட்ட வரி இதுதான்:

ஜன்னல் படியில் இன்னொரு தொட்டி இருந்தது. தேவாலயத் திருநாள் கடையில் மார்கிரெட் தானே ஆசைப்பட்டு வாங்கியது. ஊசி ஊசியாக, மேகம் போல மெத்தென்ற பச்சை. தண்டில் பொடி முள். அங்கங்கே மணி போலச் சிவந்த காய், பழுத்தால் கீழே உதிர்வது. கடைக்காரன் சொன்ன பெயர்: பேர்ன்.

எழுதுகிறவள் இதை உங்களிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை. மூன்றாம் பகுதியை எழுதும்போது அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. டாக்டர் கேட்டபோதுதான் அவளும் திரும்பிப் பார்த்தாள்.)

பூக்காதது பன்னல். பூ இல்லாத காலத்தில் பிறந்ததால் காய்க்கவும் அதற்குத் தெரியாது. காய்த்த அன்றே ஜன்னலில் இருந்த செடி தான் பன்னல் இல்லை என்று சொல்லிவிட்டது. அது தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தம். மனிதர் கொடுத்த பெயரில்தான் பேர்ன். அந்தக் காய்தான் கைசரைப் படுக்க வைத்தது. வயிறு எரிந்தபோது பச்சையைத் தேடிப் போய்க் கதவருகே தொங்கியதைக் கடித்திருக்கிறான். நாய்கள் அப்படிச் செய்வதுண்டு. எது விஷம், எது இல்லை என்று அவன் மூக்குக்குத் தெரியுமா? காயைத் தின்றபோது தெரியவில்லை. பன்னலைத் தேடியபோது தெரிந்ததா?

மார்கிரெட் தொட்டியைப் பார்த்தாள். கொதிநீர் ஊற்றியது தன் கை. விஷத்தை வாங்கி வந்து ஜன்னலில் வைத்ததும் தன் கை. பிடித்திருந்த மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

8

முடிவுகள்:

(அ) மார்கிரெட் மன்னிப்புக் கேட்டாள், இருவரும் கட்டிக்கொண்டு —

அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

(ஆ) அன்றிலிருந்து மார்கிரெட் வீட்டில் செடியே வைக்கவில்லை.

இது நடக்கக் கூடியது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

(இ) ராஜப்பனின் ஆட்டோவில் கைசர் திரும்பி வந்தான். ஜன்னல் தொட்டி அதற்குள் போய்விட்டிருந்தது. கையில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு காய்கூட உதிராமல், ஆனந்தலட்சுமி அதை எடுத்துப் போயிருந்தாள். ஆனால் வெந்த பன்னலைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அதே கம்பியில், அதே கதவருகே, கொஞ்சம் உயரத்தில் மாட்டினாள். மார்கிரெட் வேண்டாம் என்றாள். அதுதான் செத்தாச்சே, இனி அதைப் பார்க்க எனக்கு முகமில்லை என்றாள்.

"செத்தாச்சுண்ணு நீ எப்படிச் சொல்லுவ?" என்றாள் ஆனந்தலட்சுமி. "தண்ணி விட்டுட்டு இரி. இந்தக் கேஸுக்கு வாய்தா வாங்கியாச்சு."

மங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. ஏட்டி, கைசருக்குப் போனைக் குடு. குடுத்தாள். கைசர் வால் ஆட்டும் சத்தம் ஜோக்கிமுக்குக் கேட்டிருக்கும். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு, "எனக்கு இண்ணைக்கு நல்ல விஷமமாக்கும்," என்றாள். கடலிரைச்சலுக்கு நடுவில் அவன் அந்தச் சொல்லை எப்படிக் கேட்டான் என்று எழுத முடியவில்லை.

இங்கே நின்றுவிடலாம். ஆனால் தொட்டி தொங்குகிறது. வக்கீல் சொன்னபடி மார்கிரெட் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். கறுத்துப்போன இலைகளுக்கு நடுவில், மண்ணை ஒட்டி, பழுப்பாக, சுருண்டு, சின்னதாக ஒன்று தெரிகிறது. தொட்டிக்குள் விரித்த தேங்காய் நாராக இருக்கலாம். புதுத் தளிர் வருவதும் அப்படித்தான், தூங்குகிற நாயின் வால் போல. கைசர் தினமும் கீழே உட்கார்ந்து அதையே அண்ணாந்து பார்க்கிறான்.

எழுதுகிறவள் மதில் வரைக்கும் வந்தாள். எட்டிப் பார்க்க வெட்கம். மார்கிரெட்டை உண்டாக்கியவள்தான், ஆனாலும் அவள் வாசலில் அழைக்காமல் எப்படி ஏறுவது? நீங்கள் ஏறலாம். கதை படிக்கிறவர்களை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. போய் எக்கிப் பார்த்து, நாரா தளிரா என்று மார்கிரெட்டிடம் சொல்லுங்கள். அவள் அதைப் பார்க்கப் பயந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றுகிறாள்.

திரும்பும் வழியில், உதியன்குளங்கரையில், மடியில் கூடையோடு ஒரு பெண்ணைக் கண்டால், நாய் தின்ற செடி எப்போதாவது பூத்ததா காய்த்ததா என்று அவளிடம் கேளுங்கள். உங்களுக்கு வாய் உண்டு.